சூசை அண்ணனின் பேஸ் புத்தகம்

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கையெழுத்துக் கேட்கிற இடத்தில் பெருவிரலை வைக்கிற ஆள் நான். அப்படியிருந்தும் முப்பத்தொரு வருடம் மன்னாரில் எங்கள் கோயில் பாண்ட் குழுவின் புத்தக அறையை நான்தான் பார்த்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இப்போது பாண்டை நடத்துகிற ரீச்சர் போன கிழமை என்னைத் தேடி வந்தார். புத்தகங்களையெல்லாம் படம் பிடித்துப் போனுக்குள் போடப் போகிறார்களாம். இனி வாசிக்கிறவர்கள் கண்ணாடித் திரையைப் பார்த்து ஊதுவார்களாம். நல்லதுதான், கறையான் தின்னாது.

"அம்மம்மா, அட்டை கிழிஞ்ச புத்தகங்கள் ஒரு குவியல் கிடக்கு. எது எந்த வாத்தியத்துக்கு எண்டு ஒரு பட்டியலும் காணேல்லை" என்றார்.

"பட்டியல் நான்தான், பிள்ளை" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, அப்படியென்றால் உங்களைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று கொப்பியை விரித்தார். நான் சொன்னதை அவர் எழுத்துத் தமிழுக்கு மாற்றியிருக்கிறார். ஆட்கள் பேசினதை மட்டும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மாற்றினால் அவர்கள் வேறு ஆட்கள் ஆகிவிடுவார்கள்.

என் மனுசன் கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் பங்குச் சுவாமி எனக்குக் கோயில் கூட்டுகிற வேலை தந்தார். கூட்டும்போது பாண்ட் அறையையும் கூட்டினேன். கூட்டினால் புத்தகத்தை எடுத்து அடுக்க வேண்டும். அடுக்கினால் எது எங்கே இருந்தது என்று நினைவு வைக்க வேண்டும். இரண்டு வருடம் அப்படியே போனது. மாஸ்டர் ஒருநாள் அலுமாரியைப் பூட்டுகிற திறப்பை என் கையில் தந்தார். பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

மாஸ்டர் என்றால் பாண்ட் மாஸ்டர். மெலிந்த மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில். தூரத்தில் இருந்து யாரையும் கூப்பிட மாட்டார். பக்கத்தில் வந்து நின்று பேசுவார். கோபம் வந்தால் குரல் உயராது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சாரத் தலைப்பால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். என் முதல் மாதத்தில் நீண்ட நேரம் துடைத்தார். பித்தளைதானே என்று நினைத்து, ஒரு கோர்னெட் குழலைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வெயிலில் வைத்துவிட்டேன். அதற்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருந்ததாம். அது திட்டுத் திட்டாய் உரிந்து போனது.

"பிள்ளை, இது குத்துவிளக்கு இல்லை" என்றார் மாஸ்டர். பிறகு ஒரு பெரிய புத்தகத்தை எடுத்து வந்து, துணியால் துடைக்கிற ஒரு கையின் படத்தைக் காட்டினார். "இந்தக் கை செய்யிறதை மட்டும் செய்யும்."

அந்தப் புத்தகம் எனக்குப் பிடித்துப் போனது. பிற தேசத்தில் அச்சடித்த திருத்த வேலைப் புத்தகம். வாத்தியத்தை மீன் வெட்டினதுபோல் நீளவாக்கில் வெட்டி உள்ளே உள்ள குழாயைக் காட்டுகிற படங்கள். நெளிவு எடுக்கிறதற்குத் தாராபுரத்தில் இருந்து ஒரு முஸ்லிம் நானா வருவார், தகர வேலை செய்கிறவர். அவருக்கும் இங்கிலீசு வராது. நாங்கள் இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு படம் பார்ப்போம்.

"அக்கா, இவன் குழாய்க்குள்ள என்னத்தை விடுறான்?"

"இரும்புக் குண்டு போல கிடக்கு, நானா."

"எங்கட வீட்டில பிள்ளையள் விட்டா அடி விழும். வெள்ளைக்காரன் விட்டா புத்தகமோ?"

ஆனால் அந்தக் குண்டை விட்டுத்தான் நெளிவு எடுத்தார். புத்தகம் பொய் சொல்லவில்லை.

புத்தகங்களை நான் எப்படி அடையாளம் கண்டேன் என்று ரீச்சர் கேட்டார். முதுகில் நூல் தைத்தேன். கோர்னெட்டுக்குச் சிவப்பு, ட்ரொம்போனுக்குப் பச்சை, யூபோனியத்துக்கு நீலம், பேஸுக்குக் கறுப்பு. பேஸ் என்றால் ஆளைச் சுற்றிப் பாம்புபோல் கிடக்கிற பெரிய வாத்தியம். தொடக்கக்காரரின் புத்தகங்கள் பெரியவை, மடியில் வைத்தால் முழங்காலை மூடும். நடந்துகொண்டு வாசிக்கிற மார்ச் புத்தகங்கள் உள்ளங்கை அளவு. வாத்தியத்திலேயே ஒரு கவ்வியில் செருகுவார்கள். விரல் படம் ஒன்று இருந்தது, மட்டையில் ஒட்டினது. மூன்று மூன்று வட்டமாய் வரிசை வரிசையாக இருக்கும். கறுத்த வட்டம் என்றால் வாத்தியத்தின் பொத்தானை அமத்து, வெள்ளை என்றால் விடு. அதை மட்டும் நானும் வாசிப்பேன். என் படிப்பு மூன்று வட்டம் வரைக்கும்.

புத்தகம் திருப்பித் தருகிறபோது ஆளின் உதட்டைப் பார்ப்பேன். கோர்னெட் ஊதினவருக்குச் சின்ன வளையம் பதிந்திருக்கும். பேஸ் ஊதினவருக்கு மூக்கடி வரைக்கும் வளையம். ஆள் ஒன்று ஊதிவிட்டு வேறொன்றின் புத்தகத்தை நீட்டினால் உடனே பிடித்துவிடுவேன்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் முற்றத்தில் பாயில் பரப்பி வெயில் காட்டுவேன். உப்புக் காற்றுக்குத் தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஈர்க்கால் ஒவ்வொன்றாய் விலக்க வேண்டும். ஒருமுறை தண்ணீர் குடிக்கப் போய் வருவதற்குள் ஒரு கழுதை வந்து ஒரு மார்ச்சின் நடுப்பக்கங்களைத் தின்றுவிட்டது, எட்டுப் புத்தகத்திலும். மன்னாரில் கழுதைக்குப் பயந்து வேலி போடலாம், புத்தகத்துக்கு யார் வேலி போடுகிறது. மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு முதல் பக்கத்தில் இருந்து நேரே கடைசிப் பக்கத்துக்குப் போகும்படி ஒரு அம்புக்குறி போட்டார். இன்றைக்கும் அந்த மார்ச்சை அப்படித்தான் வாசிக்கிறார்கள். கழுதைப் பாய்ச்சல் என்று அதற்குப் பெயர்.

புதுப் புத்தகம் கையால் எழுதுகிறபோது நானும் வேலைக்காரி. இசை எழுத ஐந்து கோடு வேண்டும். மாஸ்டர் ஒரு சீப்பில் ஐந்து பல்லை மட்டும் விட்டு மற்றதை வெட்டியிருந்தார். அதை மையில் தோய்த்து, சட்டத்தை ஒட்டி இழுத்தால் ஐந்து கோடும் ஒன்றாய் விழும். கை நடுங்கினால் கோடு நடுங்கும். என் கை நடுங்காது. பாய் இழைத்த கை. கோடு என்னுடையது, அதில் குந்துகிற முட்டைகள் மாஸ்டருடையவை.

வேலை சந்தோசம்தான். அறைதான் தனிமை. திருநாள் வந்தால் பாண்ட் பவனியோடு போய்விடும், சனமும் பின்னால் போய்விடும். நான் திறந்த அலுமாரியோடு இருப்பேன். முழுப் பாண்டையும் பக்கத்தில் நின்று ஒருநாளும் கேட்டதில்லை. சத்தம் போகப் போகக் குறைந்து, கடைசியில் மேளம் மட்டும் கேட்கும். பிறகு அதுவும் கேட்காது. மகளும் வெளிநாடு போன பிறகு, வீட்டில் இருக்கிறதும் அறையில் இருக்கிறதும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது.

முழுப் பயிற்சியும் தூரத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில்தான்; எனக்குத் தெரிந்தது தனித்தனிப் பாட்டுகள். பயிற்சிக்கு முன்னம் ஒவ்வொருவரும் தன் பங்கைப் பக்கத்து அறையில் ஊதிப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் முன்னம் வருகிறவர் சூசை அண்ணன். மீன் சந்தையில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர், எங்கள் பேஸ்காரர். பேஸுக்கு என்ன பாட்டு இருக்கிறது, பூம், பூம் பூம், அவ்வளவுதானே என்பார்கள். அதை ஒரு மணித்தியாலம் தனியே ஊதுவார். அங்கே கேட்கிறது நான் ஒருத்தி.

"அக்கா, இண்டைக்கு எப்பிடி?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்பார்.

"நேற்றையைப் போலதான்."

"அப்ப சரி."

இனிச் சூசை அண்ணனின் புத்தக விசயத்துக்கு வருகிறேன். அது எப்போது வரும் என்று ரீச்சர் இரண்டுமுறை பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

எங்கள் பாண்டில் ஒரு வழக்கம் உண்டு. வாசிக்கிறவர் ஒருவர் செத்தால், சாவீட்டு முற்றத்தில் பாண்ட் ஒருமுறை வாசிக்கும். செத்தவரின் இடத்தை வெறுமையாய் விட்டு, அவருடைய பங்கு இல்லாமலே வாசிக்கும். அந்த நேரம் அவருடைய புத்தகம் அந்தப் பாட்டுள்ள பக்கத்தில் விரித்தபடி அவருடைய நெஞ்சில் கிடக்க வேண்டும். வாசித்து முடிந்ததும், பெட்டி மூட முன்னம், புத்தகம் காக்கிறவர் அதை எடுத்து மூடிக்கொண்டு வர வேண்டும். புத்தகம் அடுத்த ஆளுக்கு. அந்த எடுக்கிற வேலை என்னுடையது. பாண்டோடு நான் வெளியே போகிறது அதற்கு மட்டும்தான்.

சூசை அண்ணன் தை மாதத்தில் நெஞ்சு வருத்தத்தால் செத்தார். பாண்ட் முற்றத்தில் நின்று பெரிய வெள்ளி மார்ச்சை வாசித்தது. அது மாஸ்டரே கட்டின மார்ச். பெரிய வெள்ளிப் பவனியில், இறந்த ஆண்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறபோது வாசிக்கிறது. பேஸ் இல்லாமல் அது தரையில்லாத வீடு மாதிரி இருந்தது.

வாசித்து முடிந்தது. நான் உள்ளே போனேன். அவருடைய மனுசி லூர்தம்மா, புத்தகத்தை மூடி, செபமாலை சுற்றின அவருடைய கைகளுக்குக் கீழே செருகிக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டினேன்.

"எடுக்காதேங்கோ, அக்கா" என்றார். சத்தமாய் இல்லை. "இவர் இதோடதான் இருந்தவர். என்னோட இருந்ததை விட இதோடதான். கொண்டு போகட்டும்."

சுவாமி தீர்த்தத்தோடு நின்றார். மூடி தூக்குகிற ஆட்கள் நின்றார்கள். மாஸ்டர் முற்றத்தில். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். எனக்கு என் மனுசன் நினைவு வந்தது. அவருக்குப் பெட்டி இல்லை, கையில் எதையும் கொடுத்து அனுப்ப எனக்குக் கிடைக்கவில்லை. நீட்டின கையை மடக்கிக்கொண்டேன். மூடியைப் போட்டார்கள். சேமக்காலையில் மண் போட்டார்கள். நானும் ஒரு பிடி போட்டேன், என் புத்தகத்துக்கும் சேர்த்து.

அந்தப் புத்தகத்தில் மற்றதெல்லாம் அச்சில் கிடைக்கும், பெரிய வெள்ளி மார்ச்சின் பேஸ் பங்குக்கு மட்டும் வேறு பிரதி இல்லை. மாஸ்டர் முழுமார்ச்சையும் ஒரே தாளில் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு பங்காய்த்தான் எழுதினார், அதுவும் வாலிப வயதில்.

"புத்தகம் வந்திட்டுதோ?" என்று பின்னேரம் கேட்டார்.

"ஓம், மாஸ்டர்."

அதுதான் அவருக்கு நான் சொன்ன ஒரே பொய். பழைய கலண்டர் தாளை அந்த அளவுக்கு வெட்டி, மட்டை வைத்து, கறுப்பு நூலால் தைத்து அலுமாரியில் வைத்தேன். மிக வடிவாய்த் தைத்தேன். அதுவே ஒரு வெட்கம்.

தவக்காலம் தொடங்கியது. பேஸுக்குப் புது ஆள் வந்தார், அருளப்பு என்று. அடம்பனில் வயல் செய்கிறவர், பஸ்ஸில் வந்து போவார். பெரிய வெள்ளி மார்ச் பழகத் தொடங்குகிற நாள் அரைக்கதவடியில் வந்து நின்று புத்தகம் கேட்டார். நான் கொடுத்தேன். வேறு என்ன செய்வது. விரித்துப் பார்த்தார்.

"அக்கா, இதில ஆடி மாசம் எல்லோ கிடக்கு" என்றார். "ஞாயிறு எல்லாம் சிவப்பு. சிவப்பு வந்தா உரத்து ஊதிறதோ?"

நான் சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு மாஸ்டரிடம் போனேன், அருளப்புவும் பின்னால் வந்தார். அப்போது அவருக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது. கலண்டரை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. மேசையில் வைத்தார். அதுதான் பயமாய் இருந்தது.

"எடுக்க விடேல்லையோ, எடுக்கேல்லையோ?"

பழியை லூர்தம்மாவின் மேல் போட்டிருக்கலாம். "எடுக்கேல்லை, மாஸ்டர்" என்றேன்.

கலண்டர்ப் புத்தகத்தை மூடி என் கையில் தந்தார். பிறகு, "இனிச் சாவீட்டுக்கு நீர் போகவேண்டாம்" என்றார். அவ்வளவுதான். வேலையால் நிற்பாட்டவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ சாவீடு வந்தது, வேறொருவர் போய்ப் புத்தகம் எடுத்தார். மாஸ்டருடைய சாவீடும் வந்தது. சுவாமிகூட வந்து, போ திரேசம்மா, அவர் இனி ஒன்றும் சொல்லமாட்டார் என்றார். நான் போகவில்லை. அறையில் இருந்து, சத்தம் கோயில் வளவைத் தாண்டிப் போகும் வரைக்கும் கேட்டேன்.

கதையில் முன்னால் ஓடிவிட்டேன், திரும்பி வருகிறேன். அன்றைக்கு மாஸ்டர் தலையைப் பிடித்துக்கொண்டு அருளப்புவிடம் சொன்னார்: "மெட்டு எனக்கு நினைவிருக்கு. கீழ் பங்கு நினைவில்லை. புதுசா ஒண்டு எழுதலாம். ஆனா சனம் இத்தனை வருசமா அந்தப் பேஸுக்குக் கால் வைச்சு நடந்த சனம். அது பிழையாப் போனா கால் பிழைக்கும்."

"எனக்குத் தெரியும்" என்றேன் நான்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு எழுதத் தெரியாது. சொல்லத் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து எத்தனை வருசம் கேட்டனான்."

மாஸ்டர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "கோடு போடும்" என்றார்.

ஒவ்வொரு பின்னேரமும் வேலை நடந்தது. நான் கோடு இழுப்பேன். பிறகு கதிரையில் நிமிர்ந்திருந்து பூம், பூம் பூம் என்று சொல்லுவேன். அருளப்பு அதைப் பேஸில் ஊதிப் பார்ப்பார். நான் ஓம் என்றால் மாஸ்டர் தாளில் மூக்கு முட்டக் குனிந்து எழுதுவார். நடுவில் நிறுத்தினால் எனக்கு அறுந்து போகும், திரும்ப முதலில் இருந்துதான் தொடங்க வேண்டும். அருளப்பு, அக்காவுக்கு ஒரு சாவி வைச்சுத் திருப்பினா நல்லது என்பார். குருத்தோலை ஞாயிறும் வந்து போய்விட்டது.

பிறகு ஓர் இடம் வந்தது. நான் பூம் பூம் என்று வந்து, நிறுத்தி, பேசாமல் இருந்து, பிறகு மிகக் கீழே ஒரு நீட்டுச் சத்தம் கொடுத்தேன்.

"இடையில ஏன் விட்டனீர்?" என்றார் மாஸ்டர்.

"அதில அப்பிடித்தான். ரெண்டு அடி இல்லை."

"நான் அதில வெறுமையா விட்டிருக்க மாட்டன். கோர்னெட் மேலே ஏறுது. கீழ ஆள் நிக்க வேணும்."

திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன். அதே இடத்தில் அதேபோல் நின்றேன். சூசை அண்ணன் அதில் எப்போதும் நிற்பார். நின்றுவிட்டு, தாமதத்துக்கு ஈடாக நல்லாய் அடியில் இருந்து ஒன்று கொடுப்பார்.

அருளப்பு மெதுவாய்ச் சொன்னார்: "மாஸ்டர், அது பாட்டில்லை. அது அந்த மனுசன்ர மூச்சு. ஐஸ் பெட்டி தூக்கின நெஞ்செல்லோ."

மாஸ்டர் பென்சிலால் எழுதினார். அழித்தார். எழுதினார். அழித்த இடத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது. "இத்தனை வருசம் முன்னால நிண்டு நடத்தினன்" என்றார். "எனக்குக் கேக்கேல்லையே." அதை எங்களுக்குச் சொல்லவில்லை, தனக்குச் சொன்னார்.

பெரிய வியாழனன்று அந்த இடத்தை மையால் எழுதி முடித்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினார். காட்டியிருந்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியாது.

"என்ன எழுதினனீங்கள், மாஸ்டர்?"

"கேட்டுப் பாரும்" என்றார். மை காய்ந்ததும் நான் கறுப்பு நூல் தைத்தேன். அருளப்பு அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அடம்பன் பஸ்ஸுக்கு ஓடினார்.

அடுத்தநாள் பின்னேரம் பவனி கோயில் வாசலில் இருந்து தொடங்கியது. நான் அறையில். அரைக்கதவால் சனத்தின் முதுகுகள் தெரிந்தன. வெள்ளைச் சேலையோடு, மெழுகுதிரி பிடித்துக்கொண்டு லூர்தம்மாவும் போனார். அவருக்கு நாங்கள் பேஸை எழுதின விசயம் தெரியாது.

மார்ச் தொடங்கியது. பேஸ் இருந்தது. சனம் கால் வைத்தது. நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். கோர்னெட் ஏறத் தொடங்கியது. என் கை கதவை இறுக்கிப் பிடித்தது.

இரண்டு அடி ஒன்றுமில்லை. பிறகு அடியில் இருந்து அந்த நீட்டுச் சத்தம்.

லூர்தம்மா நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் அவரோடு முட்டுப்பட்டு, விலகிப் போனார். சனம் முழுக்க அவரைச் சுற்றிப் போய் முடிந்தது. அவர் திரும்பி என் கதவடிக்கு வந்தார். மெழுகுதிரி அணைந்துபோயிருந்தது.

"அக்கா, அந்த இடத்தில ஆர் அப்பிடி ஊதச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, பிள்ளை. புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு."

"புத்தகம் அவரோட எல்லோ போனது."

"அது போயிட்டுது. இது வேறை."

"எனக்குக் காட்டுங்கோ."

"பாண்ட் திரும்பி வரட்டும். இதில வந்து இரும்."

கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே ஒரு கதிரைதான் இருந்தது. அதை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் புத்தகப் பெட்டியில் இருந்தேன். பவனி தெருவைச் சுற்றிப் போகிற சத்தம் குறைந்து, மேளம் மட்டும் கேட்டு, பிறகு அதுவும் போனது. லூர்தம்மா அணைந்த மெழுகுதிரியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை மட்டும், "வீட்டில அதை ஊதேக்கை அந்த இடத்தில தேத்தண்ணி ஒரு வாய் குடிப்பார்" என்றார்.

பாண்ட் திரும்பி வந்தது. அருளப்பு வேர்த்துப்போய் வந்து புத்தகத்தை நீட்டினார். லூர்தம்மா இருக்கிறதைக் கண்டதும் சிரிக்க வைக்கிற பகிடி ஒன்றும் விடவில்லை. அவர் கேட்டதும், பக்கத்தைத் திருப்பி, தடித்த விரலை வைத்துக் காட்டினார்.

"இதில, அக்கா. இதில ஊதக்கூடாது."

தாள் அந்த இடத்தில் மெலிந்திருந்தது. நான் இழுத்த கோட்டின் மேல் ஒரு சின்னக் கறுப்புக் கட்டை குந்தியிருந்தது. லூர்தம்மா தன் விரலை அதன்மேல் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் வந்து புத்தகங்களைத் தந்துவிட்டுப் போனார்கள். சிவப்பு, பச்சை, நீலம், எல்லாம் அலுமாரியில் ஏறிவிட்டது. கறுப்பு ஒன்றுதான் மிச்சம். நான் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.